உளச்சோர்வுற்றார் அறிகையை அளத்தல்

பல்லாண்டுகளுக்கு முன்னர், யாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்துவந்த காலத்திலே, உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கரும்பலகையில் வெண்பா ஒன்றை யாம் எழுதி முடிக்குமுன்பே அதனை அலகிட்டு, ஈற்றுச் சீரின் வாய்பாட்டையுங் கூறிவிடுவான். அத்தகையவன் ஓராண்டின் இரண்டாந் தவணையில் வாய் திறவாதவனாயினான். வினாவினால் விடை வரும். ஆனால், ஆழ்கிணற்றிலிருந்து வாளி மேலேறுவது போல நெடுநேரங் கழித்து வரும். எழுதத் தந்த கட்டுரை முதற் பந்தியோடு நின்றுவிடும். யாம் அதனைச் சோம்பல் என்றே கொண்டோம். வகுப்பின் முன்னிலையில் அவ்வாறு சொல்லவுஞ் செய்தோம். அவன் உளச்சோர்வு நோய்க்கு ஆளாகி வைத்தியரிடஞ் சென்றுவருகின்றான் என்பதைப் பின்னரே அறிந்தோம். சில மாதங்களில் முகந் தெளிந்தது. உறக்கமும் பசியும் திரும்பின. வீட்டார் சுகம் வந்துவிட்டது என்றனர். எனினும், மூன்று மணி நேர வினாத்தாளை அவனால் முடித்தல் இயலவில்லை. இம்முறை அவனைச் சோம்பேறி என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. சுகம் வந்தவனுக்கு வேகம் ஏன் வரவில்லை என்னும் வினா மாத்திரம் எம்மை விடாது பற்றிக்கொண்டது.

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, யாம் இலக்கணம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் மருத்துவரல்லேம். ஆயினும், எம்மிடம் படித்துப்போனவர்களுட் பலர் இன்று தந்தையராயும், அதிபராயும், அலுவலகங்களில் மேலாளராயும் இருத்தலின், மேற்படி வினாவுக்கு யாம் படித்தறிந்த விடையை அவர்கள்முன் வைத்தல் தகும் எனத் துணிந்தோம்.

உளச்சோர்வு என்பது வெறுந் துயரமன்று. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட ஐந்தாம் நோய்க் கையேடு, பெரும் உளச்சோர்வுக்கு ஒன்பது குறிகளை வகுத்து, அவற்றுள் ஐந்தேனும் இரண்டு கிழமை தொடர்ந்து நிற்றல் வேண்டும் என்றும், அவ்வைந்தினுள் துயர மனநிலையோ நாட்டக் குறைவோ ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. ஒன்பதனுள் ஒன்று, சிந்திக்கவும் மனத்தை ஒருமுகப்படுத்தவும் இயலாமை அல்லது முடிவெடுக்கமாட்டாமை. ஆகவே, அறிவின் தளர்ச்சி இந்நோயின் அயலான விளைவன்று, நோயின் உறுப்பேயாம். கவனம், நினைவு, உளவேகம், ஒன்றைத் திட்டமிட்டு ஒழுங்காகச் செய்துமுடிக்கும் நிறைவேற்றுத் தொழிற்பாடு ஆகிய இவற்றைத் தொகுத்து உளவியலார் அறிகை என வழங்குவர். வெண்பாவை அலகிடும் மாணவன் அசையைப் பிரிக்கின்றான். பிரித்ததை மறவாது வைத்துக்கொண்டு தளையை நோக்குகின்றான். பிழைகண்டால் திரும்பி வருகின்றான். இத்தனையும் அறிகையின் வேலைகளே.

இனி, நோயின் கடுமையை அளக்கும் அளவுகோல்கள் இத்தளர்ச்சியைக் காட்டாவோ எனின், நன்கு காட்டா என்பதே விடை. மக்ஸ் ஹமில்ற்றன் என்னும் உளமருத்துவர் 1960 இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயின்றுவருகின்றது. அதன் 17 உருப்படிகளில் உறக்கத்துக்கு மூன்று உள. சிந்தனை மந்தமும் ஒருமுகப்பாட்டுக் குறைவுமோ, பேச்சு மந்தத்தோடும் அசைவு மந்தத்தோடும் ஒரே உருப்படிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. 1979 இல் மொன்ற்கோமரியும் ஆஸ்பெரியும் அமைத்த அளவுகோலின் பத்து உருப்படிகளில் ஒருமுகப்பாட்டுக்கு ஒன்று கிடைத்தது. இவற்றால் அளந்து 'சுகம்' என்று தீர்ப்பது, உறக்கமும் உணவும் மனநிலையுஞ் சீரானமையைப் பெரும்பாலுங் குறிக்குமேயன்றி, அறிகை சீரானமையைக் குறிக்கவேண்டுவதில்லை. எம் மாணவன் இவ்விடைவெளியிலேதான் விழுந்தான்.

நோயாளரையே கேட்டுவிடலாமே என்பர் சிலர். கேட்டற்கு வினாக்கொத்துகளும் உள. அவற்றுள் ஒன்று முதலிற் பன்முக நரம்பு வன்மை நோயாளருக்கென ஆக்கப்பட்டுப் பின்னர் உளச்சோர்வுற்றார்க்கும் எடுத்தாளப்பட்டது. ஆனால், தம் நினைவு கெட்டுவிட்டது என்று நோயாளர் சொல்லும் அளவும், சோதனையில் அவர் காட்டும் அளவும் சிறிதளவே ஒத்துப்போகின்றன என ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டன. தன்னைத் தாழ்த்தி எண்ணுதல் இந்நோயின் இயல்பு. நன்றாக எழுதிய தாளையும் 'ஒன்றும் எழுதவில்லை' என்று அழும் பிள்ளைகளை ஆசிரியராகிய நாம் அறிவோம். அதனால் அம்முறைப்பாடு பொய்யென்று கொள்ளற்க. அன்றாட வாழ்வில் அவர் படும் பாட்டை அரை மணி நேரச் சோதனை காணாது விடுதலும் உண்டு. முறைப்பாடு ஒன்றை அளக்கின்றது, சோதனை மற்றொன்றை அளக்கின்றது, இரண்டும் வேண்டும்.

சோதனைகளுள் முதலிற் கூறவேண்டியது இலக்கக் குறியீட்டுச் சோதனை. தாளின் தலைப்பில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களுக்குக் கீழே ஒவ்வொரு சிறு குறி வரையப்பட்டிருக்கும். அதன் கீழே இலக்கங்கள் நிரல் மாறி வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் வெற்றுக் கட்டம். சோதிக்கப்படுவோர் தலைப்பை நோக்கி உரிய குறியைக் கட்டத்தில் வரைந்துகொண்டே செல்லவேண்டும். 90 அல்லது 120 செக்கன் ஆனதும் நிறுத்தி, சரியாக நிரப்பிய கட்டங்களை எண்ணுவர். இவ்வளவே. டேவிட் வெக்ஸ்லர் 1939 இல் நியூயோர்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் அமைத்த அறிவுச் சோதனைத் தொகுதியில் இதற்கு இடங் கொடுத்தார். இன்றுவரை அவ்விடம் போகவில்லை. காரணம் என்ன? கண் தேடவேண்டும், நினைவு குறியைப் பற்றவேண்டும், கை வரையவேண்டும், கவனம் வரிசையைத் தவறவிடாது காக்கவேண்டும். இவற்றில் எது தளர்ந்தாலும் எண்ணிக்கை குறையும். இதுவே இதன் பலமும் பலவீனமுமாகும். ஏதோ ஒன்று தளர்ந்தது என்பதைக் கூர்மையாகக் காட்டும். எது தளர்ந்தது என்பதைக் காட்டமாட்டாது. காய்ச்சல் உண்டென்று சொல்லி இன்ன காய்ச்சல் என்று சொல்லாத வெப்பமானி போன்றதென்க.

ஆகவே வேறு சோதனைகளையுங் கூட்டிக்கொள்வர். ஸ்ட்ரூப் என்பார் 1935 இல் வெளியிட்ட சோதனையில், சிவப்பு என்னுஞ் சொல் நீல மையில் அச்சிடப்பட்டிருக்கும். சொல்லை வாசியாது மையின் நிறத்தைக் கூறவேண்டும். சுவிற்சர்லாந்து தேசத்தவரான அந்திரே ரே அமைத்த சோதனையில், 15 சொற்களை ஐந்து முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் நினைவிலுள்ளவற்றைச் சொல்லச் செய்வர். பின்னர் வேறு 15 சொற்களை இடையிட்டு, முதற் பட்டியலைத் திரும்பக் கேட்பர். அரை மணியளவு கழித்து மீண்டுங் கேட்பர். முடிவில் பல சொற்களை நீட்டி, இவற்றுள் முன்பு கேட்டவை யாவை என வினாவுவர். உளச்சோர்வுற்றார் பலர் பட்டியலைச் சொல்லுகையில் இடர்ப்படுவர்; சொல்லை எதிரே நீட்டினால் 'ஓம், இது இருந்தது' என்று பெரும்பாலும் இனங்காண்பர். சொற்கள் உள்ளே சென்றிருக்கின்றன. வெளியே எடுத்தற்கே வலுவில்லை.

இவ்வேறுபாடு முதியோர் விடயத்திற் பெரும் பயனுடையது. எம் ஊர்களில் எழுபது வயது கடந்த ஒருவர் பெயர்களை மறந்து, கேட்டதற்கு விடை சொல்லாது, மூலையில் அமர்ந்துவிட்டால், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று சொல்லி அத்துடன் விட்டுவிடும் வழக்கம் உண்டு. அவருள் ஒரு பகுதியினர்க்கு உண்டானது அறளையன்று, உளச்சோர்வு, மருந்துக்கு இசையக்கூடியது. கைலோ என்னும் உளமருத்துவர் 1961 இல் இதனைப் போலி அறளை என்னும் பொருள்படும் பெயரால் எழுதினார். வெல்ஸ் என்பார் 1979 இல் ஒரு குறிப்பைத் தந்தார்: போலியானதில் நோயாளர் 'தெரியாது, தெரியாது' என்று விட்டுவிடுவர், உண்மை அறளையில் ஏதோவொரு விடையைப் பிழையாகவேனுஞ் சொல்ல முயல்வர். 1975 இல் போல்ஸ்ரீன் முதலியோர் வெளியிட்ட 30 புள்ளிச் சிறு சோதனையின் முதற் பெறுபேறுகள் இங்கே நோக்கத்தக்கன. நலமுடைய முதியோரின் சராசரி 27.6, அறிகைக் குறைவில்லாத உளச்சோர்வுற்றார் 25.1, அறிகைக் குறைவுடைய உளச்சோர்வுற்றார் 19.0, அறளையுற்றார் 9.7. இடையே நிற்கும் அந்தப் பத்தொன்பதைக் கண்டு கைவிடாதிருத்தலே மருத்துவரின் வேலை. மறுபுறத்தில், சிகிச்சையாற் தெளிந்த இம்முதியோருட் சிலர்க்குப் பின்னாண்டுகளில் உண்மை அறளையே வந்ததும் உண்டு. ஆதலின், ஒருமுறை அளந்து விட்டுவிடாது, ஆண்டு தோறும் மீட்டு அளத்தல் வேண்டும்.

அச்சிறு சோதனை இளைஞர்க்கு உதவாது. இன்று என்ன கிழமை, நீர் எந்த ஊரில் இருக்கின்றீர் என்னும் வினாக்களுக்கு எம் மாணவன் முப்பதுக்கு முப்பது வாங்கியிருப்பான், வினாத்தாளையோ முடித்திருக்கமாட்டான். இளையோர்க்கு நுண்ணிய கருவிகள் வேண்டும் என்பதாலேயே, இலக்கக் குறியீடு, தொடர்வழி முதலிய நான்கு சோதனைகளையும் ஒரு வினாக்கொத்தையும் கணினித் திரையிற் சேர்த்து, கால் மணி நேரத்தில் முடியும் தொகுதியொன்றை மக்கின்ரையர் முதலியோர் 2017 இல் வெளியிட்டனர்.

தமிழாசிரியராகிய எமக்கு மிகுந்த சுவை தந்த பகுதி இனி வருவது. இச்சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திற் பிறந்தவை. தொடர்வழிச் சோதனையின் இரண்டாம் பகுதியில் 25 வட்டங்கள் தாளிற் சிதறிக் கிடக்கும். 13 வட்டங்களில் எண்கள், 12 வட்டங்களில் ஆங்கில எழுத்துகள். எண்ணும் எழுத்தும் மாறி மாறி வர, பென்சிலை எடாது ஒரே கோட்டால் இணைத்துச் செல்லவேண்டும். பன்னிரண்டு எழுத்து என்றதும் எம் நினைவு உயிரெழுத்துகளுக்கே சென்றது. 1, அ, 2, ஆ என்று தொடங்கி 12, ஔ, 13 என முடிக்கலாம்; தமிழுக்கென்றே அளந்து தைத்த சட்டை போலப் பொருந்துகின்றது! ஆனால், தாளில் எழுதிப் பார்த்தபோது இடர் தெரிந்தது. ஆங்கிலத்தில் அடுத்தடுத்த எழுத்துகள் வடிவால் வேறுபட்டவை. தமிழிலோ அகரமும் ஆகாரமும், எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரு சுழியாலோ கோட்டாலோ மாத்திரம் வேறுபடும். கண் அங்கே தயங்கும். அத்தயக்கத்தை நோயின் மந்தம் என்று எண்ணிவிட்டால் அளவை கெட்டது. ஆகவே, ஆங்கிலத்தார்க்கு வகுத்த செக்கன் கணக்கைத் தமிழ்த் தாளுக்கு அப்படியே எடுத்தல் ஆகாது; நலமுடைய தமிழர் பலரைக் கொண்டு புதிய நியமம் காணல் வேண்டும். எழுத்தே வேண்டாவென்று, எண்களோடு இரு நிறங்களை மாற்றி மாற்றி இணைக்கும் சோதனையொன்றும் பிற்காலத்தில் எழுந்தது.

எண்களை வாசித்துத் திரும்பச் சொல்லச் செய்யும் சோதனையும் அத்தகையதே. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள ஆங்கில எண்ணுப் பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒலியசை 10. ஏழாம் எண்ணின் பெயரொன்றே ஈரசை பெறுகின்றது. தமிழில் எழுத்து வழக்கின்படி 20. (யாப்பின் அசையை இங்கே கொள்ளற்க, உயிரொலியை மாத்திரம் எண்ணினோம்.) நீண்ட பெயர்களைச் சொல்ல நேரம் மிகும், நேரம் மிகவே நினைவில் நிற்பவை குறையும். வேல்ஸ் மொழியின் எண்ணுப் பெயர்கள் ஆங்கிலத்தினும் நீண்டொலிப்பன ஆதலால், இருமொழியும் வல்ல மாணவரே வேல்ஸ் மொழியிற் குறைவான எண்களை நினைவிற் கொண்டனர் என எல்லிஸ், ஹெனலி என்போர் 1980 இற் காட்டினர். மொழியின் நீளம் மூளையின் குறையாகத் தோன்றியவாறு காண்க.

மற்றொன்று இன்னும் நுட்பமானது. ஒருவர் எவ்வளவு வீழ்ந்தார் என அறிய, நோய்க்கு முன் எங்கே நின்றார் என்பது தெரியவேண்டும். அதற்கு ஆங்கிலத்தார் ஓர் உபாயங் கண்டனர். ஹேசல் நெல்சன் 1982 இல் வெளியிட்ட சோதனையில், எழுத்துக்கும் ஒலிக்கும் இயைபில்லாத 50 ஆங்கிலச் சொற்களை உரக்க வாசிக்கச் செய்வர். முன்பு கற்றறிந்தவரே அவற்றைச் சரியாக ஒலிப்பர். அப்பழக்கம் நோயால் எளிதிற் கெடாது. ஆகவே அது முன்னைய நிலைக்குச் சான்றாகும். தமிழில் இவ்வுபாயம் செல்லாது. எழுத்துக் கூட்டத் தெரிந்த சிறுவன் பொருளறியாத சொல்லையும் பிழையற வாசிப்பான். எம் எழுத்தின் ஒழுங்கு கற்பித்தலுக்கு நன்மை, இவ்வளவைக்கு இடையூறு! நமக்கு எஞ்சுவன பழைய பெறுபேறுகளும், தவணை அறிக்கைகளும், அப்பியாசக் கொப்பிகளுமே.

பெறுபேறுகளை எவ்வாறு வாசிப்பது? 24 ஆய்வுகளைத் தொகுத்து றொக் முதலியோர் 2014 இல் எழுதிய ஆய்வுரை, உளச்சோர்வுற்றார்க்கும் நலமுடையார்க்கும் இடையேயுள்ள வேறுபாடு 0.34 முதல் 0.65 நியம விலகல் வரை என்றது. துயரம் நீங்கிய பின்னருங் கவனமும் நிறைவேற்றுத் தொழிற்பாடும் 0.52 முதல் 0.61 வரை தாழ்ந்தே நின்றன என்றும் அதுவே கூறியது. எம் வினாவுக்கு விடை அங்கே கிடைத்தது. எனினும் இவ்வெண்களைப் பெருக்கிக் காணுதல் தவறு. அரை நியம விலகல் என்பதன் பொருள், நலமுடையார் 100 பேரைப் பெறுபேற்று வரிசையில் நிறுத்தினால், சராசரி நோயாளர் கீழிருந்து ஏறத்தாழ 31 ஆம் இடத்தில் நிற்பார் என்பதே. நோயாளருட் பலர் நலமுடையார் பலரினும் மேலே நிற்பர். ஆகையால், இச்சோதனைகளைக் கொண்டு ஒருவருக்கு உளச்சோர்வு உண்டு, இல்லை என்று தீர்த்தல் ஒருபோதுங் கூடாது.

சித்திப் புள்ளி எங்கே என்று வாதிட்டுப் பழகிய ஆசிரியர்க்கு அடுத்த சிக்கல் புதிதன்று. ஒரு நியம விலகல் கீழே கோடு கிழித்தால், நலமுடையாருள்ளும் 100 இற்கு 16 பேர் 'குறையுடையார்' ஆவர். ஒன்றரையிற் கிழித்தால் 7 பேர். முதற் கோட்டை வைத்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற ஐந்து சோதனைகளைக் கொடுத்தால், நலமுடைய நூற்றுவருள் 58 பேர் ஏதேனும் ஒன்றிலாவது கோட்டின் கீழே விழுவர். உண்மையிற் சோதனைகள் தம்முள் தொடர்புடையனவாதலால் அத்தொகை சற்றுக் குறையும். இத்தனை வீதத்தினர்க்கு அறிகைக் குறைவு உண்டு என்று எவரேனும் எழுதினால், எத்தனை சோதனை, எங்கே கோடு என்று கேட்டபின்னரே நம்புக. சோதித்த வேளையும் நோக்கத்தக்கது; சிலர்க்குக் காலையிற் சோர்வு மிகுந்து மாலையிற் குறையும். அமிற்றிப்ரிலின் போன்ற பழைய மருந்துகள் தாமே உளவேகத்தைத் தணிப்பதுண்டு. அதே தாளை இரண்டாம் முறை கொடுத்தால் பழக்கத்தாற் புள்ளி ஏறும். அதனைக் குணம் என்று கொள்வர் சிலர்.

இவ்வளவைகள் மருந்து வாணிகத்தையும் தொட்டுவிட்டன. வோர்ட்டியொக்செற்றின் என்னும் மருந்தை 8 கிழமை கொடுத்து, இலக்கக் குறியீட்டுச் சோதனையில் முன்னேற்றங் கண்டதாக 2014 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2018 இல் அப்பெறுபேறுகளை மருந்தின் விவரத்தாளிற் சேர்க்க அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் உடன்பட்டது. நோயாளர் வேலைக்குத் திரும்பினாரா, கணக்கேட்டைப் பிழையின்றி எழுதினாரா என்பதைக் கட்டங்களின் எண்ணிக்கை முற்றாகச் சொல்லாது என்பதே எம் கருத்து. ஆயினும், அளவாத காலத்தினும் அளக்கும் காலம் மேலானது.

எம் மாணவன் கதைக்கு வருவோம். அவனைப் பார்த்துவந்த வைத்தியர், முன்பு எழுதிய தாள்கள் உளவோ எனத் தந்தையார் மூலங் கேட்டனுப்பினார். யாம் அலுமாரியைத் துழாவிப் பத்தாம், பதினோராம் ஆண்டுக் கட்டுரைத் தாள்கள் சிலவற்றை எடுத்தோம். அரை மணி நேரத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தான். அதே அளவு நேரம் இட்டு ஒரு கட்டுரை எழுதுவித்தோம். ஒன்றேகாற் பக்கம் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினோம். மருந்து மாற்றப்பட்டது, பரீட்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது, மாதத்துக்கு ஒரு தாள் எழுதுவிக்குமாறு எமக்குச் சொல்லியனுப்பினர். அவனிடம் மன்னிப்புக் கேட்டபோது அவன் ஒன்றுஞ் சொல்லாது கொப்பியை நீட்டினான். பரீட்சைக்கு முந்திய மாதத்துத் தாளில் இரண்டே முக்காற் பக்கம் இருந்தது. சந்திப் பிழை இரண்டு. வழக்கம்போலச் சிவப்பு மையினால் வட்டமிட்டுக் கொடுத்தோம்.